எண்ணூறுக்கு அறுநூறு

அட்டனில், அல்போன்ஸ் கடையில்
இந்தப் புரொஜெக்டருக்கு நாள் வாடகை நாலாயிரம்.
பெட்டியில் மூவாயிரத்து முந்நூறு லூமன்ஸ்.
அது பல்ப் புதிதாய் இருந்த நாளின் எண்.
நான் மடியில் வைத்துக்கொண்டு
பொகவந்தலாவை பஸ் ஏறிய காலையில்
பல்ப் நாலாயிரத்து இருநூறு மணித்தியாலம் எரிந்திருந்தது.
மிச்சம் எவ்வளவென்று பெட்டி சொல்லாது.

கீழ்க்கணக்கு மடுவம்.
தராசு தொங்கும் கம்பியில் படுக்கைவிரிப்பைக் கட்டினார்கள்.
வெள்ளைதான்,
நீலம் போட்டு அலசிய வெள்ளை.

மேசை பதிவு. மூக்கைத் தூக்கி வைத்தேன்.
மேலே அகன்று கீழே ஒடுங்கி
கொழுந்துக் கூடையாய் நின்றது படம்.
கீஸ்டோன் பொத்தானை அழுத்தினால் கூடை பெட்டியாகும்,
ஆனால் ஓரத்துப் புள்ளிகளைத் தின்றுவிடும்.
இருக்கிற புள்ளியே கொஞ்சம்.
பொத்தானை விட்டு, மேசைக்கால்களுக்கு
நாலு கொங்கிரீட் கல் கேட்டேன்.

கொன்ட்ராஸ்ட், பதினையாயிரத்துக்கு ஒன்று.
அதை அளந்தவர்களின் அறையில்
தகரக் கூரையும் ஆணி ஓட்டையும் இருந்திருக்காது.
இந்த மெசினுக்குக் கறுப்பை வீசத் தெரியாது,
வெளிச்சம் விடாத இடத்தைத்தான் கறுப்பு என்கிறது.
கதவால் பனி நுழைந்ததும்
இருந்த கறுப்பும் சாம்பலானது.

அதிகாரி லேப்டொப்பைத் திறந்தார்.
மண்சரிவு வரைபடம்.
சிவப்பென்றால் எழும்ப வேண்டும், வீட்டுப் பட்டியலில் பெயர் வரும்.
செம்மஞ்சள் என்றால்
மழைக்குப் பள்ளிக்கூடம், வெயிலுக்குத் திரும்பி லயம்.

ராசமலர் முன்வரிசையில் எழுந்தாள்,
கொழுந்துக் கறை காயாத விரலை நீட்டி:
"தம்பி, எங்க லயம் செவப்பா, செம்மஞ்சளா?"

பார்த்தேன். மண்ணிறம்.
மெனுவில் நிற வெப்பம் இருந்தது.
'குளிர்' என்றதும் லயம் பழுத்த இலையானது.
'சூடு' என்றதும் சிவந்தது.
ஒரு விரலால் பன்னிரண்டு குடும்பத்தை எழுப்பினேன்,
அதே விரலால் திரும்பக் குடிவைத்தேன்.
எது சரியென்று எனக்குத் தெரியாது.
கையை எடுத்துக்கொண்டேன்.

"கிட்டக் காட்டுங்க" என்றாள்.
ஆயிரத்தெண்பது ஏற்கும் என்று பெட்டியில் உண்டு.
ஏற்கும்.
கந்தோரில் மனுவை ஏற்பது போல ஏற்கும்.
காட்டுவது எண்ணூறுக்கு அறுநூறு.
பெரிதாக்கினேன்.
லயம் இரண்டே சதுரம்:
ஆறு காம்பரா ஒரு நிறம், ஆறு காம்பரா வேறு.
கோடு விழுந்த இடம்
ராசமலரின் அடுப்படிச் சுவர்.

அவள் துணிக்குப் பக்கமாய்ப் போனாள்.
போனதும் அவள் நிழல் அவள் வீட்டின்மேல் விழுந்தது.
விலகினாள், வீடு வந்தது.
நெருங்கினாள், போனது.
பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினான்.

"ஃபோகஸ் பிழையோ?" அதிகாரி என்னைக் கேட்டார்.
பழியை நான் சுமந்திருக்கலாம், வாடகை ஆள்தானே.
லேப்டொப் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அங்கும் இரண்டு சதுரம்.
போனுக்கு அனுப்பச் சுருக்கிய படம் அது.
மூலத்தில் இல்லாததை எந்த பல்ப்பும் வீசாது, சேர்.

"பெரிய மெப் கந்தோரில் இருக்கு" என்றார்.
எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
ராசமலர் மட்டும்
வலது கையின் இரு விரலைச் சேர்த்துத் தூக்கினாள்.
வெளிச்சம் அந்த விரல்களில் பட்டது,
கறையோடு, நகக்கண்ணோடு,
அன்று முழுக்க நான் காட்டியதில்
அவ்வளவு துல்லியமாய் வேறெதுவும் இல்லை.
"அடுப்படிச் செவுத்து வெடிப்புல
இம்புட்டு போவுது.
அத எந்தக் கலர்ல போடுவீங்க?"

விளக்கை அணைத்தேன்.
உடனே பிளக்கைக் கழற்றக் கூடாது,
சூடு இறங்கும்வரை விசிறி ஓடவேண்டும்.
இருட்டில் அந்தச் சத்தம் மட்டும்.
பிறகு, பேனா மூடியைத் திறக்கும் ஒரு சின்னச் சத்தம்,
அதிகாரியின் குரல்:
"எத்தனை விரல் என்று சொன்னீங்க?"